வானத்துச் சாட்சியும் நமது விசாரணையும்

2025-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 19-ந் தேதியன்று அமெரிக்க ஸர்க்கார் "நோவா-15" என்ற தங்கள் வானிலைச் செயற்கைக் கோளை ஓயச் செய்துவிட்டார்கள். அதற்கு ஆறு தினங்களுக்கு முன் "நோவா-19"-ம், ஜூன் மாதத்தில் "நோவா-18"-ம் இவ்விதமே ஓய்வு பெற்றன. நோவா-15 ஏவப்பட்டது 1998-ஆம் வருஷம். இருபத்தேழு வருஷ காலம் அது துருவத்துக்குத் துருவம் பூமியைச் சுற்றிவந்து, தான் கீழே கண்டதையெல்லாம் எவரும் கேட்கும்படி சொல்லிக்கொண்டே இருந்தது. அதைக் கேட்பதற்குக் கட்டணம் இல்லை. எவருடைய சிபார்சும் வேண்டியதில்லை. அரசியல் செய்திகளும் விலைவாசிச் செய்திகளும் மலிந்த நாட்களில் இச்செய்தி நம் ஜனங்களில் அநேகருடைய கவனத்துக்கு வந்திராது. ஆயினும் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்து ஜனங்களுக்கு இதில் நெருங்கிய சம்பந்தம் உண்டென்று நாம் கருதுகிறோம். அதை எடுத்துரைக்கவே இன்று இப்பத்திகளை எழுதுகிறோம்.

மாடியில் கேட்ட ஒலி

2025-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் ஒரு வழக்கின் நிமித்தம் ஸ்ரீவில்லிபுத்தூர் ஜில்லா கோர்ட்டுக்குச் செல்ல நேர்ந்தது. முதல் நாள் இரவு ராஜபாளையத்தில் ஒரு நண்பர் இல்லத்தில் தங்கினோம். மறுநாள் காலை, வெயில் ஏறுமுன், நண்பரின் குமாரர் நம்மை மொட்டை மாடிக்கு அழைத்துச் சென்றார். அவர் பொறியியல் கல்லூரி மாணவர். அங்கே இரண்டு அலுமினியக் கம்பிகள் விரிந்த கவைபோல ஒரு மரச் சட்டத்தில் கட்டப்பட்டிருந்தன. அவற்றிலிருந்து ஒரு கம்பி வடம் கட்டைவிரல் அளவுள்ள ஒரு கருவிக்கும், அக்கருவியிலிருந்து அவருடைய கணிப்பொறிக்கும் சென்றது. டெலிவிஷன் ஒலிபரப்பைக் கணிப்பொறியில் வாங்குவதற்காக ஆதியில் செய்யப்பட்ட எளிய கருவி அது. சில ஆயிரம் ரூபாய்க்குள் எல்லாம் அடங்கிவிட்டதாம்.

ஏழரை மணி சுமாருக்குக் கணிப்பொறியிலிருந்து கடிகார ஓசை போன்ற ஒலி எழுந்தது. வினாடிக்கு இரண்டு தட்டு. "ஐயா, நோவா-15 வருகிறது, ஒவ்வொரு தட்டும் படத்தில் ஒரு வரி" என்றார் அவ்வாலிபர். திரையில் மேலிருந்து கீழாக வரி வரியாகப் படம் வளர்ந்தது. முதலில் இமயத்துப் பனி, பின்பு தக்காணம், பின்பு மேற்கு மலைத்தொடரின் நீண்ட நிழல், கடைசியில் இலங்கைத் தீவும் அதற்கப்பால் கடல்மேல் நின்ற மேகங்களும். பன்னிரண்டு நிமிஷத்தில் ஒலி தேய்ந்து மறைந்தது. மில் சங்கு ஊதும் ஊரில், ஒரு சாதாரண வீட்டு மாடியில், பாரத தேசம் முழுவதையும் ஒருமுறை பார்த்துவிட்டுக் கீழே இறங்கினோம்.

ஆகஸ்டு மாதம் மூன்று கோள்களும் ஓய்ந்தபின் அவ்வாலிபர் நமக்கு ஒரு கடிதம் எழுதினார். "கேட்பதற்கு இனி அந்த ஒலி இல்லை. நான் கற்றது வீண்தானா?" என்பது அவர் கேள்வி. இதற்கு ஒரு வரியில் பதில் எழுதினால் போதாதென்று தோன்றியது.

அருகிலும் தூரத்திலும் நிற்கும் கோள்கள்

வானிலையைப் பார்க்கும் கோள்கள் இருவகைப்படும். ஒரு வகை, பூமத்திய ரேகைக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமியோடு கூடவே சுழல்வதால் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றுவது. நம் தேசத்து இன்சாட்-3டிஆர், 2024-ல் ஏவப்பட்ட இன்சாட்-3டிஎஸ் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தன. இரவு பகலாக இந்து மகாசமுத்திரத்தைக் கண் கொட்டாமல் பார்த்திருப்பது இவற்றின் பெருமை. ஆனால் தூரம் அதிகம். ஆதலால் வெப்பக் கதிரில் இவை காணும் ஒரு புள்ளி தரையில் சுமார் நான்கு கிலோமீட்டர் அகலம் உடையது.

மற்றொரு வகை, 800 முதல் 900 கிலோமீட்டர் வரை உயரத்தில் துருவங்களின் வழியே ஓடுவது. ஒருமுறை சுற்ற ஏறக்குறைய 100 நிமிஷம். நாளொன்றுக்குப் பதினான்கு சுற்று. கோள் ஒரு சுற்றை முடிப்பதற்குள் பூமி தன் கீழே சற்றுத் திரும்பிவிடுவதால், ஒவ்வொரு சுற்றிலும் புதிய நிலப்பரப்பு அதன் கண்ணில் படுகிறது. ஓர் ஊரை ஒரு கோள் பகலில் ஒருமுறையும் இரவில் ஒருமுறையுமாவது கடக்கும். அருகில் நின்று பார்ப்பதால் இவற்றின் பார்வை கூர்மையானது. நோவாக் கோள்களின் பெரிய கருவி 1.1 கிலோமீட்டர் அகலமுள்ள புள்ளியைக் கண்டது. பின் வந்த நோவா-20, நோவா-21 கோள்களிலுள்ள "விர்ஸ்" என்ற கருவி 375 மீட்டர் வரை பிரித்துக் காண்கிறது. மேலும், மேகத்தினுள்ளே வெப்பமும் ஈரமும் அடுக்கடுக்காக எவ்வளவு என்று அளக்கும் நுண்ணலைக் கருவிகள் இவ்வகைக் கோள்களிலேதான் பெரும்பாலும் உள்ளன. மழை எப்போது, எங்கே என்று கணிப்பொறியில் கணக்கிடுவோருக்கு இவ்வளவைகள் இன்றியமையாதவை.

மாடியில் நாம் கண்டது நோவாவின் சிறிய குரல். 137 மெகாஹெர்ட்ஸில் வந்த சுருக்கப் படம். அதன் பெரிய குரல் 1,700 மெகாஹெர்ட்ஸ் அளவில், வினாடிக்கு 6,65,400 எண் துளிகள் வீதம் பொழிந்தது. பத்து நிமிஷம் அது நம் தலைமேல் கடந்தால் ஏறக்குறைய 40 கோடி துளிகள். ஒவ்வொன்றும் பூஜ்யம் அல்லது ஒன்று. இதைத்தான் கச்சாத் தரவு என்கிறார்கள். இதை அப்படியே ஒருவன் கையில் கொடுத்தால், பஞ்சுப் பொதியைக் கொடுத்து வேட்டி என்று சொன்னதற்கு ஒப்பாகும். நூற்பு ஆலைகள் நிறைந்த ராஜபாளையத்தாருக்கு இந்த வித்தியாசத்தை நாம் விளக்க வேண்டியதில்லை.

சாட்சியம் தீர்ப்பாகாது

நாம் தொழிலால் வழக்கறிஞர். ஆகவே நமக்குப் பழகிய பாஷையில் சொல்கிறோம். கோள் ஒரு சாட்சி. அது பொய் சொல்லாது. ஆனால் தவறு செய்யும், திக்கும், களைத்துப்போகும். அதன் வாக்குமூலத்தைப் பதிந்து, ஒழுங்குபடுத்தி, குறுக்கு விசாரணை செய்து, எது நிலைக்கும் எது நிலைக்காது என்று பிரிக்கும் வேலையைச் செய்வது மென்பொருள். அவ்வேலை நான்கு படிகளில் நடக்கிறது.

முதற்படி, வாக்குமூலத்தின் வரிகளைப் பிரிப்பது. எண் துளிகளின் பெருவெள்ளத்தில் ஒவ்வொரு வரியின் தலைப்பிலும் மாறாத ஓர் அடையாளத் தொடர் வைத்திருக்கிறார்கள். மென்பொருள் அதைத் தேடிப் பிடித்து, "இங்கே ஒரு வரி தொடங்குகிறது" என்று குறிக்கிறது. வழியில் இரைச்சலால் சில துளிகள் சிதைந்திருக்கும். ருஷ்யாவின் மீடியோர் கோள்கள் போன்றவை, சிதைவைக் கண்டுபிடித்துத் திருத்தத்தக்க உபரிக் குறிப்புகளையும் கூடவே அனுப்புகின்றன.

இரண்டாம் படி, அளவு காணுதல். கருவி அனுப்புவது வெறும் எண். அது எத்தனை டிகிரி வெப்பம் என்று எவ்வாறு அறிவது? ஒவ்வொரு வரியையும் பார்க்கும்போதே கருவி ஒருமுறை வெற்று வானத்தின் குளிரையும், தன்னுள்ளேயே வெப்பம் தெரிந்த ஒரு கரும்பொருளையும் பார்த்துக்கொள்கிறது. விடை தெரிந்த கேள்வியைச் சாட்சியிடம் கேட்டு அவன் நிதானத்தைச் சோதிப்பதைப் போன்றது இது. நோவாக் கோள்களின் ஒளிக் கண்களுக்கு இந்தச் சோதனையும் இல்லை. அவை வருஷத்துக்கு வருஷம் மங்கின. ஆகையால் விஞ்ஞானிகள் லிபியா தேசத்துப் பாலைவனத்தைப் போல நிறம் மாறாத நிலப்பரப்பைத் தேர்ந்து, அதைக் கோள் எவ்வளவு மங்கலாகக் காண்கிறதென்று கணக்கிட்டு மென்பொருளில் திருத்தம் சேர்த்தார்கள்.

மூன்றாம் படி, சம்பவ ஸ்தலத்தை நிர்ணயித்தல். கோள் எவ்விநாடியில் எங்கே இருந்தது, அதன் கண் எத்திசையில் சாய்ந்திருந்தது என்பவற்றைக் கொண்டு ஒவ்வொரு புள்ளிக்கும் அட்சரேகையும் தீர்க்கரேகையும் கணக்கிட வேண்டும். இதில் ஒரு சிறு பிசகு என்ன செய்யும் என்பதை நம் நேயர்கள் யோசிக்கவேண்டும். கோளின் நிழல் தரையில் வினாடிக்கு ஏறக்குறைய ஆறரைக் கிலோமீட்டர் ஓடுகிறது. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். கோளின் கடிகாரம் இரண்டு வினாடி தவறினால், ஓர் ஊரின் எல்லையில் நடந்ததை மற்றோர் ஊரின் எல்லையில் நடந்ததாகச் சாட்சி சொல்லிவிடும். இது வீண் கற்பனையன்று. நோவாக் கோள்களின் கடிகாரங்கள் நாளடைவில் பிசகியதும், மென்பொருளில் அதைத் திருத்த நேர்ந்ததும் உண்மை.

நான்காம் படியே பொருள் காணுதல். மேகம் எது, பனி எது, நெருப்பு எது, கடலின் வெப்பம் எவ்வளவு என்று தீர்மானிப்பது. முதல் மூன்று படிகளும் செவ்வையாக நடந்தாலொழிய நான்காவது படியில் வரும் தீர்ப்பு செல்லாது.

மலையில் பற்றும் தீ

இவ்வளவும் நமக்கெதற்கு என்று கேட்போர் ஸ்ரீவில்லிபுத்தூரின் மேற்கே திரும்பிப் பார்க்கட்டும். 1988-ல் சாம்பல் நிற அணில்களின் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட மலைக்காடு அது. 2021-ல் மேகமலையோடு சேர்த்து, ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட புலிகள் காப்பகமாயிற்று. செண்பகத்தோப்பின் ஓடைகளும், அய்யனார் கோவிலின் ஆறும், மறுபக்கம் வைகைக்குச் செல்லும் நீரும் அந்தக் காட்டின் கொடை. மாசி பிறந்து கோடை மழை இறங்கும்வரை அங்கே புல் காய்ந்து கிடக்கும். ஒரு பீடித் துண்டு போதும். 2018-ஆம் வருஷம் மார்ச் மாதம் 11-ந் தேதி, இதே மலைத்தொடரில், தேனி ஜில்லா குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத் தீயில் சிக்கி இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டதை நம்மால் மறக்க முடியாது.

துருவக் கோள் இத்தீயை எவ்வாறு காண்கிறது? எரியும் பொருள் ஏறக்குறைய நான்கு மைக்ரான் அலைநீளத்தில் மிகப் பிரகாசமாக வெப்பம் வீசும். சாதாரணத் தரை பதினொரு மைக்ரான் அளவில்தான் அதிகம் வீசும். ஆகவே ஒரு புள்ளியின் மிகச் சிறு பாகத்தில் தீ இருந்தாலும், முதல் அலையில் அப்புள்ளி சட்டென்று உயர்ந்து தோன்றும். இரண்டாவதில் அவ்வளவு உயராது. மென்பொருள் இவ்விரண்டையும் ஒப்பிட்டு, சுற்றியுள்ள புள்ளிகளோடும் ஒத்துப் பார்த்து, "இங்கே தீ" என்கிறது. டேராடூனிலுள்ள இந்திய வன அளவை நிறுவனம் 2004 முதல் இவ்வகைத் தரவைக்கொண்டு காட்டுத் தீ எச்சரிக்கை அனுப்பி வருகிறது. பதிவு செய்துகொண்டவர் கைபேசிக்கே செய்தி வருகிறது. இது போற்றத்தக்க ஊழியம்.

ஆனால் சாட்சியின் குறைகளையும் அறியவேண்டும். விர்ஸ் கருவியுடைய கோள்கள் பகல் ஒன்றரை மணி, இரவு ஒன்றரை மணி சுமாருக்கே நம்மைக் கடக்கின்றன. மாலை நான்கு மணிக்கு மூண்ட தீ அவற்றின் கண்ணில் அப்போது படாது. மேகம் மூடினாலும் தெரியாது. வெயிலில் காய்ந்த வெறும் பாறையும், நீர்ப்பரப்பில் பட்டுத் தெறிக்கும் சூரிய ஒளியும் சிலசமயம் தீயைப்போல் நடிக்கும். அயல்நாட்டில் இயற்றப்பட்ட கட்டளைத் தொகுதிக்குச் செண்பகத்தோப்பின் பாறைகள் பரிச்சயமல்ல. அவற்றை அறிந்தவர் நம் வனக் காவலர். மலைமேல் வாழும் பளியர் அவரினும் நன்கறிவர். எச்சரிக்கை வந்த இடத்துக்குச் சென்று, "ஆம், தீதான்" என்றோ "அல்ல, பாறைதான்" என்றோ அவர்கள் குறித்துத் தரும் ஒவ்வொரு வரியும் மென்பொருளைத் திருத்துவதற்குரிய சாசனமாகும். அதைக் கேட்டு வாங்கித் தொகுத்து வைக்க இந்த ஜில்லாவில் ஆள் வேண்டும்.

மழையும் கண்மாயும்

ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்த ஆண்டாள், திருப்பாவையின் நான்காம் பாசுரத்தில் கடல்நீர் முகந்து மேகமாகிப் பெய்யும் மழையையே பாடினாள். மழையை நம்பி வாழும் பூமி இது. ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் நிறைந்தால் சோறு. நிறையாவிட்டால் தீப்பெட்டி ஆபீசும் மில்லும்தான் கதி. அதே மழை அளவு மீறினால் என்னவாகும் என்பதை 2023-ஆம் வருஷம் டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் ஜில்லாக்கள் கண்டன. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. வெள்ளத்தில் உயிர்களும் வீடுகளும் போயின. முன்னெச்சரிக்கை போதுமானதாக இருந்ததா என்று ராஜ்ய ஸர்க்காருக்கும் மத்திய ஸர்க்காருக்கும் பெருவிவாதம் நடந்தது.

நல்ல மென்பொருள் இருந்திருந்தால் அத்துயரமே நேர்ந்திராது என்று சொல்ல நாம் முன்வரவில்லை. அவ்வளவு மழையை முன்கூட்டி எண்ணளவில் சொல்வது உலகின் எந்த நாட்டாருக்கும் எளிதன்று. ஆனால் ஒன்று நிச்சயம். துருவக் கோள்களின் தரவு தாமதமாக வந்தால் கணக்கு ஆரம்பிக்கும்போதே பழையதாகிவிடும். கோள் தான் கண்டதையெல்லாம் சேமித்துத் துருவத்தருகேயுள்ள நிலையத்தில் இறக்கி, அது உலகைச் சுற்றி நமக்கு வர மணிக்கணக்காகும். அதே கோள் நம் தலைமேல் கடக்கும்போதே நாமே நேராக வாங்கி, நாமே படியெடுத்தால் அரைமணிக்குள் முடிக்கலாம். உலக வானிலை அமைப்பு இதற்காகவே நேரடி ஒலிபரப்பு நிலையங்களை ஒரு வலையாகப் பின்னியிருக்கிறது. நம் வானிலை இலாகாவும் டில்லி, சென்னை, கௌஹாத்தி ஆகிய இடங்களில் அத்தகைய நிலையங்களை அமைத்தது. ஹைதராபாத்தை அடுத்த ஷாத்நகரில் தேசியத் தொலையுணர்வு மையத்தின் பெருநிலையம் உள்ளது. எல்லாவற்றிலும் உள்ளிருந்து உழைப்பது அந்த மென்பொருள்தான்.

கடன் வாங்கிய கருவிகள்

அம்மென்பொருள் எங்கிருந்து வந்தது? ஐரோப்பியக் கோள்களின் அளவைகளை ஒழுங்குபடுத்தும் "ஏ.ஏ.பி.பி." என்ற தொகுதியை ஆங்கிலேய, பிரெஞ்சு வானிலை இலாகாக்களும் ஐரோப்பிய நிறுவனங்களும் கூடி இயற்றின. அமெரிக்காவின் விஸ்கான்சின் சர்வகலாசாலை, "சி.எஸ்.பி.பி." என்ற தொகுதியை அந்நாட்டு ஸர்க்காரின் பொருளுதவியால் உலகுக்கு இலவசமாக வழங்குகிறது. ஸ்வீடன், டென்மார்க் தேசத்து வானிலை ஊழியர்கள் 2009-ல் தொடங்கிய "பைட்ரோல்" என்ற கூட்டுமுயற்சியில் எந்நாட்டவரும் சேரலாம். "சாட்டம்ப்" என்ற மற்றொன்றைத் தனி ஆர்வலர்கள் கூடி வளர்க்கிறார்கள். ராஜபாளையத்து மாடியில் ஓடியது அதுவே. இவர்கள் அனைவருக்கும் நாம் நன்றி பாராட்டக் கடமைப்பட்டவர்கள். சுதேசியம் என்பது பிறர் செய்த நன்மையை மறுப்பதன்று.

ஆயினும் இரண்டு அநுபவங்களை மறக்கலாகாது. நோவாப் படங்களை உலகெங்கும் வாங்கியோர் பல்லாண்டுகள் "டபிள்யு-எக்ஸ்-டு-இமேஜ்" என்ற ஒரு மென்பொருளையே நம்பியிருந்தார்கள். அதை இயற்றியவர் ஒரு காலத்தில் கைவிட்டார். அதன் இணையதளமும் மறைந்தது. உள்ளே எழுதப்பட்ட கட்டளைகள் வெளியிடப்படாதிருந்தமையால் எவரும் அதைப் பழுதுபார்க்க முடியவில்லை. கட்டளைகள் யாவும் வெளியிலிருக்கும் சாட்டம்ப்போ, நோவா ஓய்ந்த பின்னும் மற்றக் கோள்களுக்குப் பயன்படுகிறது. இது முதல் அநுபவம்.

இரண்டாவது இன்னும் பெரிது. 2025-ஆம் வருஷம் ஜூன் மாதக் கடைசியில் அமெரிக்க ஸர்க்கார், தங்கள் ராணுவத்தின் துருவக் கோள்களிலிருந்து கிடைத்துவந்த நுண்ணலைத் தரவைச் சில தினங்களுக்குள் நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள். இரவில் புயலின் மேகங்களை ஊடுருவி அதன் கண்ணைக் காட்டும் தரவு அது. அமெரிக்கப் புயல் நிபுணர்களே கலங்கினார்கள். கூக்குரல் எழுந்ததன்மேல் ஒரு மாத அவகாசம் கிடைத்தது. பின்னர் 2026 செப்டம்பர் வரை தொடர்வதாக உத்தரவாயிற்று. கோள் பழுதாகவில்லை, சாட்சி வாய் மூடவில்லை, கீழே வாக்குமூலத்தைப் படியெடுத்து வழங்குவோர்தான் கையை எடுக்க நினைத்தார்கள். தம் நாட்டாரையே ஒரு வாரத்தில் கலங்கச்செய்த அவ்வுத்தரவில், வங்காள விரிகுடாவின் கரையிலுள்ளவர்களைக் கலந்துகொள்ள வேண்டுமென்று யாருக்குத் தோன்றும்?

ஆயத்தப் படம் கைபேசியில் வரும்போது கச்சாத் தரவைக் கட்டிக்கொண்டு ஏன் அழவேண்டும் என்று கேட்கும் நண்பர்களுக்கு இதுவே நம் பதில். ஆயத்தப் படம் என்பது மற்றொருவர் எழுதிய தீர்ப்பு. சாட்சியத்தைப் படிக்கத் தெரியாதவன் அப்பீல் செய்யவும் தகுதியற்றவன்.

நம் தேசம் கையேந்தி மட்டும் நிற்கவில்லை என்பதையும் பெருமையோடு சொல்லவேண்டும். 1988-ல் ஐ.ஆர்.எஸ்.-1ஏ துருவப் பாதையில் சென்ற நாள்தொட்டு நாம் இவ்வேலையைக் கற்றுவந்திருக்கிறோம். கடல்மேல் வீசும் காற்றை அளக்கும் நமது ஓஷன்சாட்-2, ஸ்காட்சாட்-1 கோள்களின் தரவை ஐரோப்பிய வானிலை நிபுணர்கள் வாங்கிப் பயன்படுத்தியிருக்கிறார்கள். 2022 நவம்பர் 26-ந் தேதி ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து ஓஷன்சாட்-3 சென்றது. அண்டார்டிகாவில் பாரதி நிலையத்தில் தரவு இறக்கும் வசதியும் செய்துகொண்டோம். கோள் செய்யத் தெரிந்த தேசம் இது. அதன் குரலைப் புரிந்துகொள்ளும் வித்தை சில தலைநகரங்களுக்குள் அடங்கியிருப்பதே நம் குறை.

செய்யவேண்டியது என்ன?

முதலாவதாக, மத்திய ஸர்க்கார் 2023-ல் வெளியிட்ட விண்வெளிக் கொள்கையில், ஐந்து மீட்டருக்கு மேற்பட்ட புள்ளியளவுடைய தொலையுணர்வுத் தரவை இலவசமாகவும் காலதாமதமின்றியும் அளிப்பதாக வாக்களித்திருக்கிறார்கள். நல்ல வாக்கு. அத்துடன் கச்சாத் தரவின் அமைப்பை விளக்கும் குறிப்புகளும், அளவு காணும் முறைகளும் ஒரு கல்லூரி மாணவன் வாசித்து அறியும்படி வெளியிடப்படல் வேண்டும். மொழி தெரியாத சாட்சியை மொழிபெயர்ப்பாளரின்றிக் கூண்டில் ஏற்றிப் பயனில்லை.

இரண்டாவதாக, இந்த வட்டாரத்துக் கல்லூரிகளுக்கு ஒரு வேண்டுகோள். கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் உள்ளது. ராஜபாளையத்தில் ராம்கோ தொழில்நுட்பக் கல்லூரி உள்ளது. ஐரோப்பாவின் மெடாப் கோள்கள் 1,700 மெகாஹெர்ட்ஸ் அளவில் இன்னும் பேசுகின்றன. ஒரு மீட்டர் சுமார் அகலமுள்ள தட்டும், அதைக் கோளின் பின்னே திருப்பும் பொறியும் மாணவர்களே செய்துகொள்ளக்கூடியவை. 2023-லும் 2024-லும் ஏவப்பட்ட ருஷ்ய மீடியோர் கோள்கள் 137 மெகாஹெர்ட்ஸிலேயே, பழைய நோவாவைக் காட்டிலும் தெளிவான படம் அனுப்பும்படி அமைந்தவை. அதே அலுமினியக் கம்பிகள் போதும். இவற்றைப் பரீட்சைக்குரிய வேலையாகக் கொடுத்துவிட்டு மறந்துவிடாமல், வருஷந்தோறும் மாசி முதல் வைகாசி வரை மேற்கு மலையின் தீப் புள்ளிகளைத் தாங்களே கணித்து, வன இலாகாவின் குறிப்போடு ஒப்பிட்டு வைத்தால், பத்து வருஷத்தில் உலகத்தில் வேறெங்குமில்லாத ஒரு கணக்கேடு இம்மலைக்குக் கிடைக்கும்.

மூன்றாவதாக, தமிழில் ஒரு நூல் வேண்டும். கச்சாத் தரவிலிருந்து மழைப்படம் வரையுள்ள நான்கு படிகளையும், கணக்கோடும் கட்டளைகளோடும் விளக்கும் நூல். ஆங்கிலம் கற்றவரென்ற முறையில் நாமே ஒப்புக்கொள்கிறோம்: இவ்விஷயத்தை இன்று தமிழில் எழுதப் புகுந்தபோது பல இடங்களில் நமக்குச் சொல் கிடைக்காமல் தடுமாறினோம். அத்தடுமாற்றம் தமிழின் குற்றமன்று. இதுகாறும் எழுதாத நம்முடைய குற்றம்.

இனி அவ்வாலிபருக்கு: தம்பி, நீ கற்றது வீணன்று. ஓய்ந்தது ஒரு கோள். அதன் வாக்குமூலத்தைப் பிரிக்கவும், அளக்கவும், இடம் காணவும் நீ கற்ற வித்தை அடுத்த கோளுக்கும் வேண்டும். உன் ஊரில் பிறந்து சென்னை ராஜதானியின் பிரதம மந்திரியாக இருந்த பூ. ச. குமாரசுவாமி ராஜா தம் சொந்த வீட்டையே காந்தி கலைமன்றமாகப் பொதுஜனங்களுக்குக் கொடுத்தார். உன்னிடம் கேட்பது அவ்வளவு பெரிதன்று. மொட்டை மாடியில் இரண்டு கம்பிகள் இன்னும் இருக்கின்றன. அவற்றை மீடியோர் பக்கம் திருப்பு. பக்கத்துத் தெருப் பையன்கள் நால்வரைக் கூப்பிட்டு, முதல் வரி எங்கே தொடங்குகிறதென்று காட்டிக்கொடு. அடுத்த மாசியில் மலையில் புகை கண்டால், அந்த நால்வரில் ஒருவன் வன இலாகாவுக்குத் தகவல் சொல்லும் நிலையில் இருக்கவேண்டும்.